கொலைகாரன் யார் என்று ஆர்தர் கேட்டார்

பெரம்பலூரில் மனை வாங்கியபோது நான் போட்ட ஒரே நிபந்தனை, மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் கடல் தெரியக் கூடாது என்பது. "இங்கேருந்து பச்சமலைதான் தெரியும், கடலுக்கு எங்க போறதும்மா" என்று தரகர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் சுற்றுலாக் கப்பல்களில் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவள் நான். ஆடாத தரை ஒன்று கிடைத்தால் போதும் என்றிருந்தேன்.

அப்படி இருக்கையில்தான் ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் என் கணவர் செல்வராசு கைபேசியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"தமிழு, இதப் பாரு. சென்னையிலேருந்து கெளம்புது. பழைய சினிமாப் பாட்டுக் கப்பலாம். எல்லாரும் அந்தக் காலத்து மாதிரி பெல்பாட்டம், பெரிய காலர் சட்ட போட்டுக்கிட்டு வரணுமாம். டிக்கெட் போட்டுட்டேன்."

"யாருக்கு?"

"நமக்குத்தான். பின்ன, பக்கத்து வூட்டுக்காரனுக்கா?"

"நான் பாக்காத கப்பலாங்க? இப்பத்தான் வேலய வுட்டு வந்திருக்கேன். மறுபடியும் அங்கயே கூப்பிடறீங்களே."

"நீ பாத்தே. நான் பாத்தேனா?" என்றார்.

அதற்குமேல் நான் என்ன சொல்ல முடியும்? அவர் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் ஒவ்வொரு முறையும் மாதக் கணக்கில் கப்பலில் இருந்தபோது, வேலைக்கும் போய், சமைத்து, எங்கள் மகள் கவிதாவுக்குத் தலை பின்னி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர். அந்தச் சுரங்கத்தில் வெட்ட வெட்டச் சிப்பியும் நத்தையும் கல்லாகக் கிடைக்கும். எப்போதோ அங்கேயும் கடல் இருந்ததாம். "நானும் கடல்லதான் வேல பாக்கறேன், தண்ணிதான் வத்திப் போச்சு" என்று போனில் சொல்லிச் சிரிப்பார். உண்மையான கடலில் அவர் காலை நனைத்ததுகூட இல்லை.

பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தையற்கடையில் பெல்பாட்டம் தைக்கக் கொடுத்தார். "அடியில எவ்ளோ அகலம் சார் வைக்கிறது?" என்று தையற்காரர் கேட்டதற்கு, "நடந்தா ரோடு கூட்டணும்பா" என்றாராம். அப்படியே தைத்துக் கொடுத்திருந்தார்கள்.

கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்ந்து கொஞ்ச நேரம்வரை நன்றாகத்தான் இருந்தார். "டம்பர் குலுக்காத குலுக்கா?" என்று மேல்தளத்தில் பெருமை பேசிக்கொண்டிருந்தார். திறந்த கடலுக்கு வந்ததும் முகம் வெளுத்தது. அறைக்கு அழைத்து வந்து படுக்க வைத்து, பச்சை ஆப்பிளை நறுக்கி, உப்பு பிஸ்கட்டோடு கொடுத்தேன். கப்பலில் இதுதான் முதல் வைத்தியம். வயிறு காலியாக இருந்தால் குமட்டல் கூடும்.

"இதத்தான் இத்தன வருசமா எல்லாருக்கும் குடுத்துக்கிட்டிருந்தியா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

மறுநாள் காலையில் தெளிந்துவிட்டார். மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "செரி, சொல்லு. இவ்ளோ பெரிய ஓட்டல் மாதிரி இருக்கே, இதுக்குள்ள ஒனக்கு என்னதான் வேல?"

இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. போனில் பேசும்போது கவிதாவின் பரீட்சை, அவருடைய ஷிப்டு, ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றே நேரம் போய்விடும். அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது விக்கிரமங்கலத்தில். திருச்சியில் நர்ஸிங் படித்தேன். அங்கேயே ஒரு பெரிய மருத்துவமனையில் விபத்துப் பிரிவு, பிறகு மஸ்கட்டில் சில வருஷம், பிறகு சென்னையில் ஓர் ஏஜென்சிக்காரர் நடத்திய நேர்முகத் தேர்வு. அவசரப் பிரிவில் வேலை பார்த்த அனுபவம் இருக்கிறதா, கடலைக் கண்டால் பயமா என்று கேட்டார்கள். கப்பலில் ஏறியதே இல்லை என்று சொல்லாமல், பயமில்லை என்று மட்டும் சொன்னேன். கடலைக் கரையில் நின்று பார்த்திருக்கிறேன், விமானத்தில் அதன் மேலே பறந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

கப்பலில் மருத்துவ நிலையம் கீழ்த்தளத்தில், நீளவாக்கில் நடுவே இருக்கும். அங்கேதான் ஆட்டம் குறைவு. சில கட்டில்கள், ஒரு சுவாசக் கருவி, எக்ஸ்ரே, சின்ன ஆய்வுக்கூடம், இரண்டு டாக்டர்கள், நான்கு நர்ஸுகள். எங்களை நம்பிச் சில ஆயிரம் பேர். கரையில் ஒரு நோயாளிக்கு முடியாவிட்டால் அடுத்த மருத்துவமனைக்கு அனுப்பலாம். இங்கே அடுத்த மருத்துவமனை என்பது நாளைக்கோ மறுநாளோ வரப்போகும் துறைமுகம்.

எந்த நேரமும் ஒரு நர்ஸ் அழைப்புக்காகத் தயாராக இருக்க வேண்டும். ஒலிபெருக்கியில் ஒரு ரகசியச் சொல்லும் இடத்தின் பெயரும் வரும். பயணிகளுக்குப் புரியக் கூடாது என்பதற்காக அந்தச் சொல். எங்களுக்கு அது கேட்டதும் சிவப்புப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஒருவருக்கு வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்தால் அது வேறு விதமான அவசரம். அவர் அறையை விட்டு வெளியே வரக் கூடாது. சாப்பாடு கதவுக்கே போகும். படிக்கட்டுக் கைப்பிடி முதல் லிஃப்ட் பொத்தான்வரை மருந்து போட்டுத் துடைப்பார்கள். பஃபேயில் பயணிகள் யாரும் கரண்டியைத் தொட முடியாது, பணியாளர்தான் பரிமாறுவார். ஒரே ஒருவருக்கு வந்ததை மறைத்ததால் பாதிக் கப்பல் படுத்துவிட்ட கதையெல்லாம் எங்களுக்குப் பாடமாகச் சொல்லப்பட்டது.

நான் போன கப்பல்களில் பாதிக்குமேல் ஏதாவது ஒரு விஷயத்தை மையமாக வைத்து நடத்தப்பட்டவை. நடனக்காரர்களுக்கு ஒரு பயணம், கம்பளி பின்னுகிறவர்களுக்கு ஒரு பயணம், சாக்லேட் பிரியர்களுக்கு ஒரு பயணம். எங்களுக்கு அதில் ஒரு வசதி உண்டு. என்ன பயணம் என்று தெரிந்தால் என்ன நோய் வரும் என்றும் தெரிந்துவிடும். நடனம் என்றால் கணுக்கால், பின்னல் என்றால் தோள்வலி, சாக்லேட் என்றால் சர்க்கரை. விடுமுறைக்கு வந்தால் நோய்க்கும் விடுமுறை என்று நினைத்து மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் எல்லாப் பயணத்திலும் உண்டு.

எனக்கு மேலதிகாரிகளாகப் பல டாக்டர்கள் இருந்தார்கள். மறக்க முடியாதவர் டாக்டர் இனெஸ். கொலம்பியா நாட்டுப் பெண்மணி. என் தோள் உயரம்தான் இருப்பார். நோயாளியின் அறைக்குள் நுழையுமுன் வெள்ளைக் கோட்டின் எல்லாப் பொத்தான்களையும் போடுவார், கழுத்துப் பொத்தான்வரை. ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்தி வைத்துச் சூடாக்குவார். ஒரு நாளும் நின்றுகொண்டு கெட்ட செய்தி சொன்னதில்லை. நாற்காலி இல்லாவிட்டால் தரையில் உட்காருவார். "நின்றபடி சொன்னால் எப்போது ஓடலாம் என்று பார்க்கிற மாதிரி இருக்கும்" என்பார்.

எங்களுக்கு அவர் வைத்திருந்த விதி ஒன்றுதான். நோயாளியைப் பற்றிச் சொல்ல வரும்போது, முதலில் பார்த்ததைச் சொல்ல வேண்டும். நினைத்ததை அப்புறம் சொல்லலாம். "இதய வலி மாதிரி இருக்கிறது டாக்டர்" என்று யாராவது ஆரம்பித்தால் கையைத் தூக்கி நிறுத்துவார். "மாதிரி என்பது நீ நினைத்தது. வேர்த்திருந்ததா? கை எங்கே இருந்தது? நிறம் என்ன?" வந்த புதிதில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. பிறகு வீட்டுக்குப் போன் செய்யும்போதுகூட அப்படியே கேட்க ஆரம்பித்துவிட்டேன். கவிதாவுக்குக் காய்ச்சல் என்றால், "அனலா இருக்குன்னு சொல்லாதீங்க, எவ்ளோன்னு பாத்துச் சொல்லுங்க" என்பேன். "வந்துட்டா டாக்டரம்மா" என்பார் இவர்.

ஒரு பயணம் கொலை மர்மக் கப்பல் என்று வந்தது. லிஸ்பனிலிருந்து கிளம்பி அட்லாண்டிக் தீவுகளைச் சுற்றி வருவது. பயணிகள் எல்லாரும் நூறு வருஷத்துக்கு முந்தைய உடையில் வருவார்கள். தொப்பி, முழங்கைவரை கையுறை, முத்துமாலை. ஒரு நாடகக் குழுவும் கூட வரும். இரண்டாம் நாள் விருந்தில் பணக்காரச் சீமாட்டி ஒருத்தி விஷத்தால் சாவாள். யார் கொன்றது என்று பயணிகள் துப்பறிய வேண்டும். இதுதான் விளையாட்டு.

கேளிக்கைப் பிரிவின் தலைவர் எங்கள் நிலையத்துக்கு வந்தார். சீமாட்டி இறந்துவிட்டதாகச் சொல்ல நிஜமான டாக்டரும் நர்ஸும் வந்தால் தத்ரூபமாக இருக்குமே என்று கேட்டார். டாக்டர் இனெஸ் ஒத்துக்கொள்ளவில்லை.

"இந்தக் கோட்டை நாடகத்தில் பார்த்துவிட்டால், நாளைக்கு நாங்கள் நிஜமாக ஓடும்போது யாரும் வழிவிட மாட்டார்கள்."

கேளிக்கைத் தலைவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நாடகக்காரிகளில் ஒருத்திக்கு நர்ஸ் வேஷம் போட்டுவிட்டார்கள். எங்கள் உடுப்பை அப்படியே பார்த்துத் தைத்த மாதிரி வெள்ளை உடுப்பு, கையில் சிவப்புப் பை. டாக்டர் அதைப் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மாலை, தேநீர் வேளையில் ஒலிபெருக்கியில் அந்த ரகசியச் சொல் வந்தது. இடம், நடன மண்டபம். அன்று என் முறை. பையை எடுத்துக்கொண்டு படியேறினேன். டாக்டர் வேறொரு தளத்தில் ஒரு நோயாளியின் அறையில் இருந்தார், அங்கிருந்து வந்துகொண்டிருந்தார்.

மண்டப வாசலில் கூட்டம் அடைத்து நின்றது. நடுவில் யாரோ கீழே கிடப்பது கால்களுக்கிடையே தெரிந்தது. "வழிவிடுங்கள்" என்றேன். முன்னால் நின்ற பெண்மணி திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். கையிலிருந்த சிறு காகிதத்தில் எதையோ குறித்துக்கொண்டே, "நர்ஸ் அம்மா, கொலை நடந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இது நாடகமில்லை, நான் நிஜ நர்ஸ்" என்று கத்தினேன்.

கை தட்டினார்கள்! நன்றாக நடிக்கிறாள் என்று ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. இடித்துத் தள்ளலாம் என்றால் ஒருவர் தோளோடு ஒருவராக நிற்கிறார்கள். உள்ளேயிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. சிலர் அதற்கும் சிரித்தார்கள். நின்றுபோன இதயத்தோடு கிடக்கிறவரின் தொண்டையில் வரும் சத்தம் அது. தூக்கத்தில் வரும் சத்தமில்லை.

எனக்கு அதற்குமேல் ஆங்கிலம் வரவில்லை. "யோவ், தள்ளுங்கய்யா! ஆளு செத்துக்கிட்டிருக்கான், வழி வுடுங்கய்யா!" என்று விக்கிரமங்கலம் சந்தையில் கத்துகிற மாதிரி கத்தினேன்.

அந்தக் கத்தல் நாடகத்தில் இருக்க முடியாது என்று சிலருக்குத் தோன்றியிருக்க வேண்டும். முகங்கள் மாறின. அதே நேரம் மண்டபத்தின் இன்னொரு பக்கத்திலிருந்து, "அக்கா, இப்படி வாங்க! இந்தப் பக்கம்!" என்று குரல் வந்தது. முருகேசன். எங்கள் ஊர்ப் பக்கத்து மீன்சுருட்டிக்காரர், அங்கே தேநீர் பரிமாறும் வேலை. முதலில் சந்தேகப்பட்டு எங்களுக்குத் தகவல் சொன்னவரும் அவர்தான். கோப்பைகள் அடுக்கிய தள்ளுவண்டியை அப்படியே கூட்டத்துக்குள் செலுத்தினார். கோப்பைகள் விழுந்து உடைந்தன. ஜனங்கள் விலகினார்கள். அந்த வழியாக நான் உள்ளே போனேன்.

கிடந்தவர் ஒரு பயணி. போலீஸ் அதிகாரி வேஷம். பெரிய ஒட்டுமீசை, தொப்பை தெரிய வேண்டுமென்று கோட்டுக்குள் மார்புவரை பஞ்சு. நாடியைப் பார்த்தேன், இல்லை. மார்பில் இரு கைகளையும் வைத்து அழுத்தினால் கை பஞ்சுக்குள் புதைகிறது. கத்தரியால் கோட்டைக் கிழித்துப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன். பஞ்சு பறந்ததைப் பார்த்துக் கடைசியாக யாரோ ஒருவர் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் சத்தமே இல்லை.

டாக்டர் இனெஸ் வந்து தலைமாட்டில் மண்டியிட்டார். கோட்டின் எல்லாப் பொத்தானும் போட்டிருந்தது. எப்போது போட்டாரோ தெரியாது.

"சொல்."

"மூச்சு இல்லை. நாடி இல்லை. உதடு நீலம். அழுத்த ஆரம்பித்துவிட்டேன்."

அவர் காற்று கொடுக்கும் முகமூடியை வைத்தார். ஒட்டுமீசை தடுத்ததால் ஓரத்தில் காற்று கசிந்தது. ஒரே இழுப்பில் மீசையைப் பிய்த்து எறிந்தார். மின்னதிர்ச்சிக் கருவியின் தகடுகளை நான் ஒட்டினேன். ஒரு அதிர்ச்சி கொடுத்தோம், ஒன்றுமில்லை. திரும்ப அழுத்தினேன். முருகேசன் எதிரே மண்டியிட்டு, கப்பலில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தபடி, நான் களைத்ததும் கை மாற்றிக்கொண்டார். இரண்டாவது அதிர்ச்சிக்குப் பிறகு டாக்டர் கழுத்தில் விரல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார்.

"இருக்கிறது" என்றார்.

அவர் பெயர் ஆர்தர். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஈடித். ஆர்தரைக் கீழே கொண்டுவந்து சுவாசக் கருவியில் வைத்து, கரையிலிருந்த இதய மருத்துவரிடம் டாக்டர் பேசி மருந்துகள் கொடுத்தார். கேப்டன் கப்பலைத் திருப்பி, ஹெலிகாப்டர் வந்து சேரக்கூடிய தூரத்துக்கு வேகமாக ஓட்டினார். பொழுது சாயுமுன் ஹெலிகாப்டர் வந்தது. மேல்தளத்தில் பறக்கக்கூடிய எல்லாவற்றையும் கட்டிவிட்டு, தொப்பிகளைக் கழற்றிவிட்டு நின்றோம். காற்றும் இரைச்சலும் அடித்தன. ஆர்தரைக் கட்டிய படுக்கை கயிற்றில் மேலே போயிற்று. நோயாளிக்கு மட்டும்தான் இடம். ஈடித் எங்களோடு நின்றுவிட்டார், முத்துமாலையும் நீளக் கையுறையும் போட்டபடி.

மருத்துவ நிலையத்துக்கு அழைத்து வந்து ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார வைத்தோம். டாக்டர் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். நடந்தது, இனி நடக்கக்கூடியது, பிழைக்காமலும் போகலாம் என்பது, எல்லாவற்றையும் சொன்னார். ஈடித் எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"அவர் கோமாளி" என்றார். "கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான். காலையில்கூட, இன்றைக்கு ஒரு வேடிக்கை செய்யப் போகிறேன், பார் என்று சொன்னார். விழுந்தபோது அதுதான் என்று நினைத்தேன். நான்தான் முதலில் கை தட்டினேன்."

டாக்டர் என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்தேன். சமாதானமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"நானும் தட்டியிருப்பேன்" என்றார் டாக்டர்.

ஈடித் அப்போதுதான் அழுதார்.

மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவர்கூட வேஷத்தில் இல்லை. யாரும் அறிவிக்கவில்லை. எல்லாரும் தங்கள் சாதாரணச் சட்டை, சாதாரணப் பாவாடையில் வந்து மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னிடம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்ட பெண்மணி நிலையத்தின் கதவைத் தட்டினார். என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். நாடகக் குழு விளையாட்டை நிறுத்திவிட்டது.

அன்று மத்தியானம் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. இரத்தக் குழாய் அடைப்பை எடுத்துவிட்டார்கள், ஆர்தர் கண் விழித்துவிட்டார். தொண்டையில் போட்ட சுவாசக் குழாயையும் எடுத்தாயிற்று, பேசுகிறார் என்றார்கள். ஈடித்தை எங்கள் தொலைபேசிக்கு அழைத்தோம். அவர் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று சிரித்தார். போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"கொலைகாரன் யார் என்று கேட்கிறார்."

"எந்தக் கொலைகாரன்?" என்றேன் நான்.

"காசு கொடுத்து வந்திருக்கிறோம், முடிவு தெரியாமல் வந்து நிற்காதே என்கிறார்."

டாக்டர் இனெஸ் தாமே கேளிக்கைப் பிரிவுக்குப் போனார். அன்று மாலை நாடகக் குழு, ஈடித் ஒருவருக்காக, கடைசிக் காட்சியை நடிக்க ஒத்துக்கொண்டது. சின்ன ஓய்வறையில் சோபாவில் ஈடித்தை உட்கார வைத்தார்கள். ஆனால் சீமாட்டியாக நடித்த பெண் வர மறுத்துவிட்டாள். ஆர்தர் கிடந்த கோலத்தைப் பார்த்த பிறகு தன்னால் தரையில் பிணமாகப் படுக்க முடியாது என்று அழுதாளாம். பிணம் இல்லாமல் அந்தக் காட்சி நடக்காது. குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

டாக்டர் இனெஸ் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கோட்டை வெளியே நடைவழிக் கொக்கியில் மாட்டினார். ஸ்டெதாஸ்கோப்பை என் கையில் கொடுத்தார். வந்து கம்பளத்தில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். காட்சி நடந்தது. துப்பறிவாளர் ஒவ்வொருவராக விசாரித்தார். சீமாட்டியின் மருமகன் இல்லை, சமையல்காரர் இல்லை, வக்கீல் இல்லை. கடைசியில் விரலை நீட்டிய இடத்தில் நின்றது அந்த நாடக நர்ஸ். விஷம் சிவப்புப் பைக்குள் இருந்ததாம்.

தரையில் கிடந்த பிணம் கண்ணைத் திறந்தது. "அந்த நர்ஸ் வேஷம் ஆகாது என்று நான் முதல் நாளே சொன்னேன்!" என்றது.

ஈடித் சிரித்த சிரிப்பை என்னவென்று சொல்வது? சோபாவில் சாய்ந்து, கண்ணீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாங்களும் சிரித்தோம். மறுநாள் துறைமுகத்தில் அவரை இறக்கி, மருத்துவமனைக்குக் கார் ஏற்றிவிட்டோம். படியில் இறங்கும்போது, ஆர்தருக்குச் சொல்ல வேண்டிய விடையை, "நர்ஸ், நர்ஸ்தான், மறக்க மாட்டேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். சில வாரம் கழித்து ஆர்தர் தேறி, ஊர் திரும்பி, தானே நடந்து வீட்டுக்குள் போனதாக டாக்டர் விசாரித்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு வேறு டாக்டர்களிடம், வேறு கப்பல்களில் பல வருஷம் இருந்தேன். பிழைக்காமல் போனவர்களும் உண்டு. ஆனால் வேலை என்றால் எனக்கு நினைவுக்கு வருவது, கம்பளத்தில் கண்ணை மூடிக் கிடந்த அந்தக் குள்ளமான பெண்மணிதான்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது வெயில் ஏறிவிட்டது. கீழே மண்டபத்தில் பாட்டுப் போட்டிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் பெயரை முந்தின நாளே, குமட்டல் வருமுன், கொடுத்துவிட்டிருந்தார். அங்கே போய் உட்கார்ந்தோம். எங்களைச் சுற்றிப் புள்ளிபோட்ட சேலைகளும் பெரிய பெரிய கண்ணாடிகளும் கிருதாக்களும். இவர் தம் பெல்பாட்டத்தைக் கசங்காமல் இழுத்துவிட்டுக்கொண்டு, மேடையைப் பார்த்தபடியே பேசினார்.

"ஒவ்வொரு தடவ லீவுல வரப்பவும் இதோட போதும், இனிமே போவ மாட்டேன்னு சொல்லுவே. அப்புறம் போயிடுவே."

"ஆமா. கவிதா படிப்பு, வூட்டுக் கடனுன்னு இருந்துச்சுல்ல."

"கவிதா படிப்பு முடிஞ்சு, கல்யாணமும் ஆன பொறவும் போனியே."

அறுபது வயதுக்கு மேல் பொய் சொல்ல அலுப்பாக இருந்தது.

"பிடிச்சிருந்துச்சுங்க" என்றேன். "வேல பிடிச்சிருந்துச்சு. பிடிச்சிருக்குன்னு சொன்னா, நீங்க தனியா கெடந்து கஷ்டப்படறப்ப நல்லாருக்காதுன்னுதான் சொல்லல."

"இத நீ சொல்லித்தான் தெரியணுமா?" என்றார். "லீவுல வந்தா ரெண்டு வாரம் நல்லாருப்பே. அப்புறம் மொகம் ஒரு மாதிரி ஆயிடும். டிவியப் பாத்துக்கிட்டிருப்பே, ஆனா டிவியப் பாக்க மாட்டே. அதான் ஏஜென்சிக்காரன் போன் பண்ணறப்பல்லாம், போயிட்டு வான்னு நானே முந்திக்கிட்டுச் சொல்லுவேன். நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு எதுத்தாப்புல ஒக்காந்திருந்தா எனக்கு எப்புடிச் சோறு எறங்கும்?"

பணத்துக்காகத்தான் போகச் சொல்கிறார் என்று சில சமயம் மனசுக்குள் கோபப்பட்டுக்கூட இருக்கிறேன். அவருக்குத் தெரியாமல் ஒரு சந்தோஷத்தை ஒளித்து வைத்திருப்பதாகத்தான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

"கஷ்டமா இல்லியா ஒங்களுக்கு?"

"இருந்துச்சு" என்றார் சாதாரணமாக. "அதுக்கு என்ன பண்றது?"

மேடையில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். "இரு, வரேன்" என்று எழுந்து, பெல்பாட்டம் தரையைக் கூட்டிக்கொண்டு போக, மேடையேறினார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். சுருதி எந்த இடத்திலும் சேரவில்லை. இரண்டாம் சரணத்தில் வார்த்தையும் மறந்துபோய், தாமே எதையோ போட்டு நிரப்பினார். ஒரு பாட்டுக்குத்தான் அனுமதி என்று நடத்துகிற பெண் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். இவர் தலையை ஆட்டிவிட்டு இன்னொன்றையும் பாடி முடித்துத்தான் கீழே இறங்கினார்.